ஹிஸ்டரோஸ்கோப்பிக்கு முன் வரும் பயம்: காரணங்களும் கையாளும் வழிகளும்

கர்ப்பப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் எண்டோமெட்ரியம். மாதாமாதம் வளர்ந்து, கரு தங்காதபோது உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுவது இதுதான். தீட்டு நாட்களில் சில மில்லிமீட்டராக இருக்கும் இது, சுழற்சியின் பிற்பாதியில் 16 மி.மீ. வரை தடிப்பது இயல்பு. மாதவிடாய் அடியோடு நின்றபின் மெலிந்துவிடும். அப்படி நின்றபிறகு மீண்டும் ரத்தம் பட்டு, ஸ்கேனில் படலம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால், மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அதிக ரத்தப்போக்கு, இடையிடையே ரத்தம் படுதல், வயது ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் பார்ப்பார்.

தடிப்பின் காரணத்தை அறியச் செய்யப்படும் பரிசோதனைகளில் முக்கியமானது ஹிஸ்டரோஸ்கோப்பி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, உட்புறத்தை நேரில் பார்ப்பதே இந்தச் சோதனை. வயிற்றில் கீறல் கிடையாது, தையலும் கிடையாது. இது கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை அல்ல. இவ்வளவு தெரிந்த பெண்களுக்கும் தேதி குறித்தபின் தூக்கம் கெடுவது உண்டு. அந்தப் பயத்தில் இரண்டு கலந்திருக்கின்றன: முடிவு என்னவாக இருக்குமோ என்பது ஒன்று, சோதனையின்போது எவ்வளவு வலிக்குமோ என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய பதில் கிடைக்கும்.

தடிப்பு என்றாலே புற்றுநோயா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எண்டோமெட்ரியல் திக்னெஸ் 14 எம்எம்’ என்ற வரியைப் பார்த்ததும் மனம் நேராகப் புற்றுநோய்க்குத் தாவுகிறது. ஆனால் படலம் தடிக்கப் பல காரணங்கள் உண்டு. பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி பரவலாகக் காணப்படுவது, பெரும்பாலும் தீங்கற்றது. அடுத்தது ஹைப்பர்பிளேசியா, அதாவது படலத்தின் செல்கள் தேவைக்கு மேல் பெருகுதல். ஈஸ்ட்ரோஜன் படலத்தை வளர்க்கிறது. புரோஜெஸ்டரோன் அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது. பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு முட்டை ஒழுங்காக வெளிவராததால் புரோஜெஸ்டரோன் போதாமல் போகிறது. உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்ஸிஃபென் மாத்திரையும் படலத்தைத் தடிக்க வைக்கலாம்.

மாதவிடாய் நின்றபின் ரத்தம் படும் பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். செல்களின் அமைப்பு மாறாத ஹைப்பர்பிளேசியா 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. இவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமோ போதும். செல் அமைப்பு மாறியிருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதால் சிகிச்சை தீவிரமாகும். புற்றுநோயே என்றாலும், ரத்தப்போக்கு அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதால், பலருக்குக் குணப்படுத்தக்கூடிய ஆரம்ப நிலையிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் பயந்து சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

அறைக்குள் நடப்பது என்ன?

உயிருள்ள ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் முதன்முதலில் பார்த்துச் சிகிச்சை அளித்தவர் பாண்டலியோனி என்ற மருத்துவர். ஆண்டு 1869. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்ட 60 வயதுப் பெண்ணுக்கு அதைச் செய்து, உள்ளே இருந்த பாலிப்பைக் கண்டறிந்தார். இன்றும் சோதனையின் நோக்கம் அதேதான். கருவி மட்டும் வெகுவாக மெலிந்துவிட்டது. பார்வையிட மட்டும் பயன்படும் குழாய் பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. தடிமன் கொண்டது.

மாதவிடாய் வரும் பெண்களுக்கு ரத்தம் நின்ற அடுத்த சில நாட்களில் சோதனை வைப்பார்கள். அப்போது படலம் மெல்லியதாக இருப்பதால் உட்புறம் தெளிவாகத் தெரியும். கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்வார்கள். பிரசவ மேசையில் படுப்பதுபோல் கால்களைத் தாங்கியில் வைத்துப் படுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருக்கும். குழாய் கர்ப்பப்பையின் வாயைக் கடந்ததும், உட்புறம் விரிவதற்காக சலைன் நீர் செலுத்தப்படும். அப்போது அடிவயிறு இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும். கால்களுக்கிடையே நீர் வழிவதும் தெரியும். அது சலைன்தான், பதற வேண்டியதில்லை. திரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் உட்சுவரும், மேல் மூலைகளில் கருக்குழாய்களின் வாய்களும் தெரியும். தேவைப்பட்ட இடத்தில் சிறு திசுவை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். பார்வையிட மட்டும் என்றால் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடங்களில் முடியும். பாலிப்பை அகற்ற வேண்டுமானால் கூடுதல் நேரம் ஆகும். பார்வையிடும் சோதனையில் கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

வலியைப் பற்றி வெளிப்படையாக

சிலருக்கு இது தீட்டு வலி அளவோடு நின்றுவிடுகிறது. சிலருக்குத் தாங்க முடியாத அளவு வலிக்கிறது. சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், வழக்கமாகவே தீட்டு வலி கடுமையாக இருப்பவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா’ என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வலியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன: சுமார் ஒரு மணி நேரம் முன்பு போடும் வலி மாத்திரை, கர்ப்பப்பை வாய்ப் பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி, அரைத் தூக்கத்தில் வைக்கும் மருந்து, முழு மயக்கம். இவற்றில் எது தனக்கு என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு உண்டு. விழித்திருக்கும்போது செய்யும் சோதனையை, வலி மிகுந்தால் பாதியில் நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தியபின் வேறொரு நாளில் மயக்கம் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

பதற்றம் கூடக்கூட வலியும் கூடுதலாக உணரப்படுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் பதற்றத்தைத் தணிப்பதும் வலி நிவாரணத்தின் ஒரு பகுதியே.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

பயத்தைக் குறைக்கும் முதல் வழி, டாக்டரிடம் நேரில் கேட்பது. அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும் என்பதால் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

- பார்வையிட மட்டுமா, கூடவே பாலிப் அகற்றுவது, டி அண்ட் சி (உட்படலத்தைச் சுரண்டி எடுப்பது) போன்றவையும் உண்டா?
- எந்த வகை மயக்கம் அல்லது வலி நிவாரணம் தரப்படும்?
- பெண் மருத்துவர் செய்வாரா? உடன் பெண் செவிலியர் இருப்பாரா?
- சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது?
- பயாப்ஸி முடிவு எப்போது வரும், யார் விளக்குவார்?

கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் என்னென்ன சிகிச்சைகள் எழுதப்பட்டுள்ளன என்பதைப் படித்துப் பார்ப்பதும், புரியாததைக் கேட்பதும் அவசியம். முன்பு உள்பரிசோதனை கசப்பான அனுபவமாக இருந்திருந்தாலோ, பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தாலோ, அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதற்கேற்ப மருத்துவரும் செவிலியரும் நிதானமாக நடந்துகொள்ள முடியும்.

முந்தைய நாளும் சோதனை நாளும்

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் பற்றி மயக்க மருத்துவர் சொல்வதைப் பின்பற்ற வேண்டும். மயக்கம் இல்லாத சோதனை என்றால் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. வெறும் வயிறு தலைசுற்றலைக் கூட்டும். நம்பிக்கையான ஒருவர் கூட வரவேண்டும். காத்திருக்கும் நேரம் நீள நீளப் பதற்றமும் ஏறுவதால், பாட்டு கேட்பதோ, யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பதோ உதவும்.

மேசையில் படுத்ததும் உடல் தானாக இறுகும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக வாயால் விடுவது எளிய பயிற்சி. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் தாடை, தோள், தொடை என்று வரிசையாகத் தளர்த்தலாம். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சில நிமிடங்கள் செய்துவந்தால், அன்று உடல் அதற்குப் பழகியிருக்கும். செவிலியர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பதும் நல்ல மருந்துதான், கூச்சப்படாமல் கேட்கலாம். நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் அன்றாட வேலையையே முடக்கினால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகு

லேசான வயிற்றுப் பிடிப்பும், சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை சிறிதளவு ரத்தக் கசிவும் இருக்கலாம். அது நிற்கும்வரை உடலுறவையும் டேம்பானையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாத்திரைக்கும் அடங்காத வலி, நாப்கின் அடிக்கடி நனையும் அளவு ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் பலருக்குச் சோதனையைவிடக் கடினமாக இருக்கின்றன. முடிவு வரும் தேதியை முன்பே குறித்துவைத்து, அன்றே மருத்துவரைச் சந்திக்க நேரம் வாங்கிவிடலாம். ரிப்போர்ட்டில் உள்ள சொற்களை இணையத்தில் தேடி அர்த்தம் கற்பித்துக்கொள்வதைவிட, ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப்போய் விளக்கம் கேட்பதே சரி. முடிவில் கோளாறு ஏதும் இல்லை என்று வந்தாலும், பின்னர் மீண்டும் ரத்தம் பட்டால், ‘அப்போதே பார்த்துவிட்டோமே’ என்று இருந்துவிடாமல் மறுபடியும் காட்ட வேண்டும்.