வேலைக்காக ஊர் மாறினீங்களா? குழந்தையின் தடுப்பூசியை விட்டுடாதீங்க!

செங்கல் சூளை, கட்டிட வேலை என்று ஊர் ஊராக போகும் குடும்பங்களில் குழந்தைகளுக்கு தடுப்பூசி பாதியில் நின்று போகிறது. பழைய ஊர் நர்சுக்கு குழந்தை எங்கே போச்சுன்னு தெரியாது. புது ஊர் நர்சுக்கு குழந்தை வந்ததே தெரியாது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் மத்திய அரசின் 'யூ-வின்'. 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் திண்டுக்கல், ஈரோடு. தாயின் கர்ப்ப பதிவு, பிரசவம், குழந்தைக்கு போட்ட ஊசி எல்லாம் ஒரே கணக்கில் சேரும். எந்த ஊரில் போட்டாலும் அதில் ஏறும். யாருக்கு பாக்கி என்ற பட்டியல் நர்சுக்கு கிடைக்கும். பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். வரும்.

ஆனால் சிம் கார்டை மாற்றினால் எஸ்.எம்.எஸ். வந்து சேராது. எங்கேயும் பதியாத குழந்தை பட்டியலிலும் வராது. உண்மையில் ஊசி அதிகம் தேவைப்படுவது அந்த குழந்தைக்குத்தான்.

எனவே ஊர் மாறியதும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. பிக்மி எண், புது செல்போன் எண்ணை சொல்லுங்க. பதியவில்லை என்றால் அங்கேயே பதியலாம். தேதி தப்பிப்போச்சேன்னு பயப்பட வேண்டாம். முதலில் இருந்து போட மாட்டார்கள், விட்ட தவணையில் இருந்து தொடர்வார்கள். எல்லாமே இலவசம்.