ஜெனரேட்டர் மாட்ட ஆள் தேடுகிறீர்களா? கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிர் உங்கள் வீட்டு சுவிட்சில்!

தீர்த்தமலை:-

கடையில் பணத்தைக் கட்டினால் ஜெனரேட்டர் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடும். அதை வீட்டு ஒயரிங்கோடு சேர்த்து மாட்டிக் கொடுக்க ஆள் பிடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆள் சரியில்லை என்றால் போவது மிஷின் மட்டும் அல்ல. தெருக்கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிர் போகலாம். உள் அறையில் தூங்கும் பிள்ளைகள் உயிரும் போகலாம்.

2012-ம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வீடு வீடாக நுழைந்தது அப்போதுதான்.

அந்த வெட்டு பழங்கதையாகிவிட்டது. ஆனால் மழையும் காற்றும் விடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை, கடலைப் பார்த்தறியாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் கொட்டியது. அரூரையும் விடவில்லை. அரூரில் இருந்து சுமார் 16 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் தீர்த்தமலையில், 'வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தால் தேவலை' என்று யாராவது நினைத்தால் அதில் தப்பு இல்லை.

திருவிழா ஆள் வேறு. வீட்டு ஆள் வேறு!

மாசித் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகை ஜெனரேட்டர் வரும். சீரியல் செட், மைக்செட், டியூப்லைட் எல்லாம் அதில் எரியும். வேலை முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பழக்கத்தில், 'அவரையே கூப்பிட்டு வீட்டிலும் மாட்டச் சொல்லலாம்' என்று பலரும் நினைக்கிறார்கள்.

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

திருவிழா ஜெனரேட்டர் தனி ஒயரில் ஓடுகிறது. மின்வாரிய லைனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் அப்படி அல்ல. அதே ஒயர், அதே மீட்டர், அதே போர்டு. ஜெனரேட்டர் கரண்டும் வாரியத்துக் கரண்டும் ஒரே பாதையில் சந்திக்கக்கூடிய இடம் அது. சந்திக்க விடாமல் பிரிப்பதுதான் மாட்டுகிற ஆளின் முதல் வேலை.

பின்னால் ஓடும் கரண்ட்

பிரிப்பதற்கு இருக்கும் கருவியின் பெயர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வாரியத்துக் கரண்ட், நடுவில் வைத்தால் ஆஃப், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது.

சில ஆசாமிகள் இதற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்வார்கள். "எதுக்குணா வீண் செலவு? ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் ஒண்ணு போதும். பிளக் பாயிண்ட்ல சொருகினா வீடு பூரா கரண்ட் வந்துரும்!" என்பார்கள்.

வரும். வீட்டோடு நிற்காது. மெயினை அணைக்க மறந்தால் மீட்டர் வழியாகத் தெரு லைனுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரில் ஏறினால் கதையே வேறு. 11 ஆயிரம் வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், தலைகீழாக வரும் 230 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். 'லைன் ஆஃப்' என்று நம்பி கம்பத்தில் கை வைத்தவரின் கதி?

இன்னொரு சங்கதியும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போதே வாரியத்துக் கரண்ட் திரும்பி வந்தால் இரண்டும் மோதும். புது மிஷின் அங்கேயே கருகிப் புகைந்துவிடும்.

எனவே சேஞ்ச் ஓவர் பேச்சையே எடுக்காதவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும். மூன்று பேஸ் என்றால் 4 போல். தானாக மாறும் ஆட்டோமேட்டிக் பேனலும் உண்டு, விலைதான் கூடுதல்.

லைசென்ஸ் எங்கே?

வீட்டு மின் இணைப்பில் செய்யும் இப்படிப்பட்ட வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் இந்த லைசென்சைக் கொடுக்கிறது. கம்பி இழுக்கும் ஒயர்மேனுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு.

"லைசென்சைக் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெயரைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். புதுப்பிக்காத லைசென்ஸ் காலாவதியான பஸ் பாஸ் மாதிரி. லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலைக்கு வருவது இன்னொருவர் என்றால் கேள்வி கேளுங்கள். பெரிய ஜெனரேட்டர் என்றால் மின் ஆய்வுத் துறையின் அனுமதி வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

'2 கே.வி.ஏ. போதும்' என்றால்...

நல்ல ஆள் முதலில் விலை சொல்ல மாட்டார். வீட்டைச் சுற்றி வந்து கணக்கு எடுப்பார்.

4 மின்விசிறி 300 வாட். 6 எல்.இ.டி. டியூப்லைட் 120. டி.வி. 100. பிரிட்ஜ் 200. மொத்தம் 720 வாட். இதோடு 1 எச்.பி. தண்ணீர் மோட்டார் சேர்ந்தால் இன்னும் 1,000 வாட். ஆகக் கூட்டினால் 1,720.

2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் சாதாரணமாகத் தாங்குவது 1,600 வாட். கே.வி.ஏ.யை 0.8 ஆல் பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். போதாததற்கு மோட்டாரும் பிரிட்ஜும் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாரைப் போட்டதும் மிஷின் திணறி நின்றுவிடும்.

விளக்கும் மின்விசிறியும் மட்டும் போதும், கரண்ட் போவது 1 மணி, 2 மணி நேரம்தான் என்றால் இன்வெர்ட்டரே போதும். சின்ன டீசல் ஜெனரேட்டரில் 1 யூனிட் எடுக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல் ஆகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே யூனிட் 30 ரூபாய்! "உங்களுக்கு ஜெனரேட்டரே வேண்டாங்க" என்று சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பாறை பூமியில் எர்த்

தர்மபுரி சீமை கல்லும் பாறையும் நிறைந்தது. காய்ந்த பாறை மண்ணில் எர்த் லேசில் இறங்காது. ஒரு கம்பியை அரையடி அடித்துவிட்டு 'எர்த் போட்டாச்சு' என்பவரை நம்பக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும். மூன்று பேஸ் ஜெனரேட்டர் என்றால் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் கட்டாயம்.

வாசனை இல்லாத எமன்

'மழையில் நனையும், திருடு போகும்' என்று ஜெனரேட்டரை வராந்தாவிலோ மாடிப்படி அடியிலோ வைக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் அப்படியே போய்விடுவார். 2020 ஜனவரியில் நேபாளத்தில் விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுத்த கேரள சுற்றுலாப் பயணிகள் 8 பேர் காலையில் எழுந்திருக்கவில்லை. எமன் இதே வாயுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா புயல் தாக்கியது. புயலுக்குத் தப்பிய பலர் ஜெனரேட்டர் புகைக்குப் பலியானார்கள்.

வீட்டை விட்டு 20 அடி தள்ளி, கதவு, ஜன்னல் பக்கம் புகை திரும்பாதபடி, மேலே கூரை போட்டு, பக்கவாட்டில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்க வேண்டும். சத்தம் அடங்கிய கூண்டுடன் வரும் டீசல் ஜெனரேட்டருக்கு 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல்தான் உச்ச அளவு.

பில் இல்லையா? பணம் இல்லை!

இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஒயர் எத்தனை எம்.எம்., சுவிட்ச் எந்தக் கம்பெனி, எர்த் எத்தனை, சர்வீசுக்கு யார் வருவார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துப் போடுகிறேன்' என்ற பேச்சில் மயங்கினால், மிஷின் பழுதானபின் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பில் கையில் இருந்தால், ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தர்மபுரி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஜெனரேட்டரை ஓட விட்டு, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜெனரேட்டர் ஓடும்போதே மீட்டர் பக்கத்து ஒயரில் டெஸ்டர் வைத்துக் காட்டும்படி காண்ட்ராக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம். டெஸ்டரில் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் மிஷினை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்து மறுபடி காட்டும் வரை ஒரு பைசா கொடுக்காதீர்கள்!