கடலில் பேசினால் யார் கேட்பார்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருவர் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். அதே வேளையில் மன்னார் வளைகுடாவில் இரு விசைப்படகுகள் வி.எச்.எப். கருவியில் பேசுகின்றன. இரண்டையும் சுமப்பவை வானொலி அலைகளே. ஆனால் ஒன்று மறைவானது, மற்றது வெட்டவெளியானது. ஏன்?

படகுக் கருவியின் 16-ஆம் அலைவரிசையின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். இரு ஏரியல்களும் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசலாம். அந்த எல்லைக்குள் கருவியைத் திறந்து வைத்திருக்கும் எல்லாருக்கும் பேச்சு கேட்கும். மீன் கிடைத்த இடத்தைச் சொன்னால் இரகசியம் போயிற்று! ஆனால் படகு கவிழும்போது எழும் அபயக்குரலும் எல்லாரையும் எட்டும். ஆகவேதான் 16-ஐ ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கி, மற்றப் பேச்சை வேறு அலைவரிசைக்கு மாற்றச் சொல்கிறது விதி.

வாட்ஸப் 2016-இல் எல்லாருக்கும் கொண்டுவந்த மறையாக்கத்தில், செய்தியைத் திறக்கும் சாவி குழுவினரின் கைப்பேசிகளில்தான் உண்டு. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் குழுவிலுள்ள ஒருவரே அதை வெளியே அனுப்பினால்? எந்தச் சூத்திரமும் தடுக்காது!

தேர்வு நாள் மாறிய செய்தி 16-ஆம் அலைவரிசையைப் போன்றது. கைப்பேசி இல்லாத மாணவனையும் அது எட்ட வேண்டும். தோழன் சொன்ன வீட்டுத் துயரமோ வேறு அலைவரிசை. எதை எதில் பேசுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.