ஆப்பிள் மட்டும்தான் சத்தா? நம்ம கொய்யாவையும் கணக்கில் எடுப்போம்



பிரசவம் பார்க்கப் போனாலும் சரி, காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போனாலும் சரி, நம் கையில் ஒரு பை ஆப்பிள் இருக்கும். காசு இல்லாத நேரத்தில் கடன் சொல்லி வாங்குபவர்களையும் நாங்கள் களப்பணிக்குப் போகும் ஊர்களில் பார்க்கிறோம். அதே வீட்டுக் கொல்லையில் கொய்யாப்பழம் அணில் கடித்து உதிர்ந்து கிடக்கும்!

ஆப்பிளைக் குறை சொல்ல வரவில்லை. அதுவும் நல்ல பழம்தான். ஆனால் அது காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் விளைந்து, குளிர்பதனக் கிடங்கில் இருந்து, லாரி ஏறி நம்ம சந்தைக்கு வருகிறது. அந்தச் செலவெல்லாம் விலையில் ஏறுகிறது. விலை கூடுதல் என்பதால் சத்தும் கூடுதல் என்று நினைக்க வேண்டாம்.

கணக்குப் பார்ப்போமா?

100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம்தான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யா சாப்பிட்டால் நம் ஒருநாள் தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். மலச்சிக்கலைத் தடுக்கும் நார்ச்சத்தும் ஆப்பிளைவிடக் கொய்யாவில் இரண்டு மடங்குக்கு மேல் உண்டு.

இதில் நமக்கு என்ன லாபம்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எப்போதும் அசதி என்று இருந்தும் "வேலை ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடுகிறோம்.

கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை நம் உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே முருங்கைக்கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யா சாப்பிடுங்கள். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கொய்யா மாத்திரைக்குப் பதில் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. நர்ஸ் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது?

1. நன்றாகக் கழுவி, தோலோடு சாப்பிடுங்கள். தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் வைட்டமின் சி அதிகம்.

2. மழைக்காலத்தில் பழ ஈயின் புழு உள்ளே இருக்கலாம். பிட்டுப் பார்த்துச் சாப்பிடுங்கள். புழு விழுந்த பழத்தை மரத்தடியில் விடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

3. நறுக்கியதை உடனே சாப்பிடுங்கள். நேரமாக ஆகச் சத்து குறையும், ஈயும் மொய்க்கும்.

4. உப்பு, மிளகாய்த்தூள் கொஞ்சமாக இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தொட வேண்டாம்.

5. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கனிந்த பழத்தை மசித்து, விதை போக வடிகட்டிக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கெட்டியான துண்டு தொண்டையில் அடைக்கும். ஆப்பிளும் அப்படித்தான். அதை ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

6. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முழுப் பழமாக ஒன்று சாப்பிடலாம். சர்க்கரை போட்ட ஜூஸ் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

"கொய்யா சாப்பிட்டால் சளி பிடிக்கும்" என்று சொல்வார்கள். சளி கிருமியால் வருவது, கொய்யாவால் அல்ல. கர்ப்பிணிகளும் கழுவிய, கனிந்த பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சமையலுக்கு இரண்டு வழிகள்

கலவை: அரைக் கப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கவும். நறுக்கிய செங்காய்க் கொய்யா இரண்டு, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி, துளி உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறவும். அடுப்பே வேண்டாம்.

சட்னி: விதை எடுத்த செங்காய் இரண்டு, பச்சை மிளகாய் இரண்டு, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, உப்பு சேர்த்து அரைத்துத் தாளிக்கவும். இட்லிக்கும் கம்பங்கூழுக்கும் நன்றாக இருக்கும்.

ஜாம் போட்டால் பல நாள் இருக்கும். ஆனால் கொதிக்கும்போது வைட்டமின் சி நிறைய அழிந்துவிடும், சர்க்கரையும் ஏராளம். அதை ஆசைக்கு வைத்துக்கொள்வோம். குழுவாகச் செய்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும்.

கெடாமல் வைப்பது எப்படி?

காலை வேளையில், கொஞ்சம் காம்போடு பறியுங்கள். அடிபட்டதைத் தனியே எடுத்து முதலில் சாப்பிடுங்கள். சாப்பிடும்போதுதான் கழுவ வேண்டும், முன்பே கழுவி வைத்தால் அழுகும். கனிந்த பழம் காற்றோட்டமான கூடையில் இரண்டு மூன்று நாள் இருக்கும். பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணல் போட்டு, காலை மாலை மணலில் தண்ணீர் தெளியுங்கள். பழத்தை உள்பானையில் வைத்து ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். பானைத் தண்ணீர் குளிர்வதுபோலப் பழமும் குளிர்ச்சியாக இருக்கும். மழைநாளில் இந்தக் குளிர்ச்சி குறைவுதான்.

வீட்டில் ஆப்பிள் இருந்தால் மற்ற காய், பழங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு மற்றவற்றைச் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும்.

யார் சாப்பிடுவது?

பிள்ளைக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, மிச்சம் இருந்தால் நமக்கு. பல வீடுகளில் பழம் இப்படித்தான் பங்காகிறது. மாதந்தோறும் இரத்தம் இழக்கிற நாம்தான் கடைசியில் நிற்கிறோம். பங்கு வைக்கும்போதே நமக்கும் ஒன்று எடுத்து வைப்போம். வயசுக்கு வந்த மகளுக்கும் ஒன்று.

பதியன் கன்று நட்டால் இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும். இடம் உள்ளவர்கள் இந்த மழைக்கு ஒரு கன்று வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். யார் யார் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.