டே-கேரில் ஆட்டிசக் குழந்தை: ஆயாவுக்கும் தெரியட்டும்

பெங்களூரில் இரண்டு வயதாகியும் பேச்சு வராத தமிழ்க் குழந்தைக்கு ஆளாளுக்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான். வீட்டில் தமிழ், டே-கேர் ஆயாவிடம் கன்னடம், மிஸ்ஸிடம் இங்கிலீஷ், பக்கத்து ஃபிளாட்டில் இந்தி. நாலு பாஷையில் பிள்ளை குழம்பிவிட்டது, பள்ளியில் போட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. அந்த ஆறுதலில் கழிந்துபோகும் ஒரு வருஷம்தான் பெரிய நஷ்டம்.

முதலில் யார் கண்ணில் படும்?

வைட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி டே-கேரில்தான் போகிறது. மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றானது. பெற்றோரின் கண்ணுக்குத் தப்புவது ஆயாவின் கண்ணுக்குத் தப்பாது. அதே வயதில் இன்னும் பத்துப் பிள்ளைகள் அவர் முன்னால் விளையாடுகிறார்களே!

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பக்கத்து அறையில் பிஸ்கட் கவரைப் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவரும். தண்ணீர் வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டாது. ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அவர் கையைப் பாட்டிலின் மேல் வைக்கும். முகத்தை ஏறிட்டும் பார்க்காது. பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். இதில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டியதில்லை. பல சேர்ந்து தெரிந்தாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனாலோ காத்திருக்கக் கூடாது.

‘ஆட்டிசம் மாதிரி இருக்கு’ என்று சொல்வது ஆயாவின் வேலையில்லை. ‘கூப்பிட்டா திரும்பறதில்லைம்மா, கொஞ்ச நாளா கவனிக்கிறேன்’ என்று பார்த்ததை மட்டும் சொன்னால் போதும். அதற்குக் கோபித்துக்கொள்ளாத பெற்றோரும், அட்மிஷன் போய்விடுமே என்று ஆயாவின் வாயை அடைக்காத உரிமையாளரும் வேண்டும்.

அதன்பின் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. அது சல்லடை மட்டுமே, நோயறிதல் இல்லை. முழு மதிப்பீட்டுக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸின் குழந்தை, வளரிளம் பருவ மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு: மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியிலேயே கண்டறிந்து, சேர்த்துக்கொண்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்புவதற்கான நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது.

குக்கர் விசிலும் தண்ணீர்த் தொட்டியும்

நமக்குப் பழகிப்போன சத்தம் இந்தக் குழந்தைகள் பலருக்குத் தாங்க முடியாத வேதனை. குக்கர் விசில், மிக்ஸி, பிறந்தநாளன்று பலூன் வெடிப்பது என்று ஏதாவது ஒன்றில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறும். அடம் என்று நினைத்து அதட்டினால் அலறல் கூடும். மிக்ஸி போடுமுன் கதவைச் சாத்தலாம். ஒரு மூலையில் பாயும் தலையணையும் போட்டு, பாதித் திரை கட்டி வைக்கலாம். அதையே தண்டனை மூலையாக்கிவிட்டால் அப்புறம் குழந்தை அந்தப் பக்கமே போகாது. தயிர்சாதத்தின் பிசுபிசுப்பு பிடிக்காமல் வெறும் இட்லியே கேட்டால், இட்லியையே கொடுங்கள். ஊட்டும் சண்டை வேண்டாம்.

டே-கேர் பார்க்கப் போகும் பெற்றோர் சுவரில் வரைந்த சோட்டா பீமைப் பார்க்கிறார்கள், வாசல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்ப்பதில்லை. சொல்லாமல் வெளியே ஓடிவிடும் பழக்கம் ஆட்டிசக் குழந்தைகள் பலருக்கு உண்டு. தண்ணீரைக் கண்டால் விடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெங்களூரில் வீட்டை டே-கேராக மாற்றிய இடங்களில் தரைக்கடியில் சம்ப் என்ற தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடிக்குப் பூட்டு உண்டா என்று கேட்டுவிட்டு ஃபீஸைப் பற்றிப் பேசுங்கள்.

படம் எல்லா மொழிக்கும் பொது

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதி அழுகைக்குக் காரணம். அந்த டே-கேரின் செருப்பு ரேக், டிபன் பாக்ஸ், பாய், ஊஞ்சல், கடைசியில் அம்மாவின் ஸ்கூட்டர் என்று போனில் படமெடுத்து, லேமினேட் செய்து, குழந்தையின் கண் மட்டத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் குழந்தையே பிய்த்து டப்பாவில் போடட்டும். ஸ்கூட்டர் வர இன்னும் எத்தனை படம் பாக்கி என்று அதற்கே தெரியும்.

அம்மாவின் ‘தண்ணி’, ஆயாவின் ‘நீரு’, மிஸ்ஸின் ‘வாட்டர்’ எல்லாவற்றுக்கும் டம்ளர் படம் ஒன்றே. படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பேச்சுக்கு அது தடையில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் உருவான அவாஸ் செயலி, படத்தால் கேட்கும் இந்த முறையைத் தமிழிலும் தருகிறது. தமிழை விட்டுவிட்டு வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒரே மொழியில் வளர்பவர்களைவிட மொழித்திறனில் பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தமிழை விட்டால் பாட்டியோடு பேச்சில்லாமல் போவதுதான் மிச்சமாகும்.

‘ஷேடோ டீச்சர் இருந்தால் சேர்க்கிறோம்’

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. இலவசக் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. அங்கீகாரமே இல்லாத பிளே ஸ்கூல்களில் எல்லாம் உரிமையாளரின் மனசைப் பொறுத்தது. குழந்தையோடு கூடவே இருந்து கவனிக்கும் ஷேடோ டீச்சரைப் பெற்றோர் செலவில் கேட்பது வழக்கமாகிவிட்டது. சில குழந்தைகளுக்கு அவர் தேவைதான். ஆனால் பல இடங்களில், ‘அவனை அவங்க பார்த்துப்பாங்க’ என்று வகுப்பு மிஸ் ஒதுங்கிக்கொள்ளவே அது உதவுகிறது என்பது என் எண்ணம். வேறு வழியும் உண்டு. பேச்சு-மொழி நிபுணர் பிரதிபா காரந்த் பெங்களூரில் தொடங்கிய காம் டீல் திட்டம், பேச்சு, உடலியக்கம், நடத்தை எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கவனித்து, குழந்தையை ஆறு வயதுக்குள் சாதாரணப் பள்ளிக்குத் தயார்செய்ய முயல்கிறது.

இந்த ஊரில் ஆயாக்கள் அடிக்கடி மாறுவார்கள். அதனால் குழந்தையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் போதும். டாய்லெட் வந்தால் பிள்ளை என்ன செய்யும் என்பது முதல் வரியாக இருக்கட்டும்.