நம்ம ஊர்ப் பஞ்சில் ஒரு ஜன்னல் திண்ணை



வீட்டு அலங்காரம் என்றதும் சோபா, ஷோகேஸ்தான் நினைவுக்கு வருது. அதனால் எல்லா வீட்டு ஹாலும் ஒரே மாதிரி இருக்கு. புது வீடுகள் பலவற்றில் திண்ணையும் இல்லை. சோபாவில் உட்கார்ந்தால் அமுங்கிடுது, எந்திரிக்க முடியலைன்னு எங்க அப்பத்தா வாசப்படியிலேயே உட்காருவாங்க.

இதற்கு ஒரு யோசனை: ஜன்னல் ஓரம் 1½ அடி உயரத்தில் மேடை கட்டி, இலவம் பஞ்சு மெத்தை போடலாம். போடி, வருசநாடு பக்கம் இலவ மரங்கள் உண்டு. ‘இலவு காத்த கிளி’ பழமொழியில் வருவதும் இலவ மரம்தான்! இந்தப் பஞ்சின் இழை குழல் மாதிரி. உள்ளே காற்று இருப்பதால் லேசாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலில் போவோரின் உயிர்காப்பு அங்கிக்குள்ளும் இதை அடைத்தார்கள்.

கவனிக்க வேண்டியவை:
1. மெத்தையைத் தடிமனாக்க வேண்டாம். அமுங்கினால் பெரியவங்களுக்குச் சிரமம்.
2. பஞ்சு கட்டியானால் வெயிலில் போடுங்க, உப்பிடும்.
3. சீக்கிரம் தீப்பிடிக்கும். விளக்கு, கொசுவர்த்தி பக்கத்தில் வைக்காதீங்க.
4. மேலுறையைப் பழைய சேலையில் தைக்கலாம்.

உங்க வீட்டில் யாருக்கு உட்கார வசதியில்லைன்னு முதலில் பாருங்க. அப்புறம் அலங்காரம் செய்யலாம்.