வெயிலை வெளியே நிறுத்தும் வீடு

பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த வீடு கட்டுகிறவர்களுக்குச் சித்திரை வெயில்தான் முதல் சத்துரு. பகலெல்லாம் குடித்த சூட்டை மொட்டை மாடி இரவு முழுதும் கீழே கக்கும். அடுப்படியில் நிற்கும் பெண்மணிக்கோ இரட்டைத் தண்டனை!

தொழுநோய் ஆஸ்பத்திரிகள் கட்ட 1945-ல் இங்கிலாந்திலிருந்து வந்து, 2007-ல் கேரளத்திலேயே காலமான லாரி பேக்கர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். ஐந்து மைலுக்குள் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்திஜியின் கருத்தை இறுகப் பற்றிக்கொண்டவர் அவர். திருவனந்தபுரத்தில் தமக்கென்று கட்டிய வீட்டைப் பாறைச் சரிவின் போக்கிலேயே அமைத்தார். நாமோ மனையைச் சமன் செய்து, இருக்கிற மரத்தையும் வெட்டிவிட்டுப் பிறகு நிழலுக்கு ஏங்குகிறோம்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டு அவர் சுவர் எழுப்பினார். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல்லில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். பொந்திலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும். தளத்தின் கான்கிரீட்டுக்குள் ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் குறைந்தது, சூடும் குறைந்தது. ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் ஜாலி. காற்று வரும், வெளிச்சம் வரும், தெருவில் போகிறவர் பார்வை மட்டும் வராது. சமையலறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழக்கமில்லாத கொத்தனார் முதலில் முகம் சுளிப்பார். தோட்டத்துச் சுவரில் கை பழகச் செய்துவிட்டு, அப்புறம் வீட்டுச் சுவரைத் தொடச் சொல்லுங்கள்.